தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரில் அண்மையில் வைக்கப்பட்டிருந்த உருவப்படக் கண்காட்சி ஒன்றைப் பற்றி உங்கள் நாளிதழில் கட்டுரை வந்ததும், அதைக் கண்டித்துச் சில கடிதங்கள் இப்பகுதியில் வெளியானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தாடியுடன் பட்டுப்புடவை உடுத்தி நிற்கும் ஒருவர், மீசை வரைந்துகொண்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெண், ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத சில முகங்கள் ஆகியவை அங்கே இருந்தன. கண்டித்தவர்கள் அடுக்கிய காரணங்களில் இரண்டுதான் பதில் சொல்லத் தக்கவையாக எனக்குத் தோன்றுகின்றன. இவை வெளிநாட்டைப் பார்த்துச் செய்த போலி என்பது ஒன்று. உருவப்படம் மனிதரை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும், இவையோ இயற்கையைத் திரித்துக் காட்டுகின்றன என்பது மற்றொன்று. பெரம்பூரில் என் தந்தையார் தொடங்கிய ஸ்டுடியோவை ஃபிலிம் காலத்திலும் டிஜிட்டல் காலத்திலும் நடத்தியவன் என்ற முறையில் இரண்டாவது குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறேன். எந்த ஸ்டுடியோவிலும் ஓர் ஆணோ பெண்ணோ உள்ளபடி படத்தில் விழுந்ததில்லை. அவர்களை ஆணாகவும் பெண்ணாகவும் ஆக்கித் தருவதற்குத்தான் எங்களுக்குக் கூலி கிடைத்தது.

இத்தொழிலுக்கு வரும் பையனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது. உட்கார்ந்திருப்பவரை கேமராவுக்குச் சற்றுக் கோணலாகத் திருப்பி, உடல் எடையை ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னால், ஒரு தோள் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் தெரியும். பெண் என்றால் உயர்ந்த தோளின் பக்கம் தலை சாய வேண்டும்; ஆண் என்றால் தலை நிமிர்ந்தோ, தாழ்ந்த தோளின் பக்கமோ இருக்க வேண்டும். இத்துறையின் ஆங்கிலக் கையேடுகளே இவற்றை ஆண் நிலை, பெண் சாய்வு என்று பெயரிட்டுப் பிரித்திருக்கின்றன. விளக்கும் அப்படித்தான். பெண்ணுக்கு விளக்கை முகத்துக்கு நேராக உயர்த்தி, மூக்கின் அடியில் சின்ன நிழல் விழச் செய்து, மற்ற நிழல்களைக் கீழிருந்து ஒரு வெள்ளை அட்டையால் கரைப்போம். ஆணுக்கு விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு கன்னத்தை இருட்டில் விட்டு, தாடை எலும்பை எடுத்துக் காட்டுவோம். பெண்ணின் விரல்கள் பக்கவாட்டில் மெலிதாகத் தெரிய வேண்டும், ஆணின் புறங்கை முட்டியின் மேல் அகலமாகத் தெரிய வேண்டும். நெகட்டிவின் மேல் பென்சில் வைத்து ரீடச்சிங் செய்த காலத்தில் பெண்ணின் முகத்தில் ஒரு மரு மிஞ்சாது. ஆணின் நெற்றிக் கோடுகளில் ஒன்றிரண்டை அனுபவத்துக்கு அடையாளமாக விட்டுவைப்போம். ஒரே முகத்தை இந்த விதிகளை மாற்றிப் போட்டு எடுத்துப் பார்த்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறு ஆளாகிவிடும் என்பது எங்கள் உதவியாளர்களுக்குக்கூடத் தெரியும்.

குடும்பப் படங்களில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படை. பழைய படங்களில் கணவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மஞ்சள் நீராட்டுக்குப் பூத்தைத்த சடையுடன் வரும் பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, முகமும் சடையும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி எடுப்பது நம் ஸ்டுடியோக்களுக்கே உரிய ஒரு முறை. தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கும் அப்போதுதான் தெரியும் என்பதால் அதில் ஓர் அழகும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். இளைஞர்களுக்கு அட்டையில் செய்த மோட்டார் சைக்கிளும் கூலிங் கிளாஸும் காத்திருந்தன. வரன் பார்ப்பதற்குப் பெண்ணின் படம் என்றால் முழு உருவம் ஒன்று, மார்பளவு ஒன்று என்று கேட்பார்கள். மாப்பிள்ளைக்கு மார்பளவு போதும், அதற்கென்று ஸ்டுடியோவிலேயே ஒரு கோட்டு தொங்கும். அந்த ஒற்றைக் கோட்டுக்குள் ஒரு வட்டாரத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் புகுந்து வெளியே வந்திருப்பார்கள். இதையெல்லாம் குறைசொல்ல நான் எழுதவில்லை. இந்த வேலையைச் செய்துதான் என் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு உருவாக்கப்படுவதை இயற்கை என்று ஒருவர் எழுதும்போது, உருவாக்கியவர்கள் சும்மா இருப்பது முறையல்ல.

அதே ஸ்டுடியோவில் வேறொன்றும் நடந்தது. ஆண் குழந்தைக்கு முடி இறக்கும் முன், இருக்கும் முடியைச் சீவிப் பின்னி, குஞ்சலம் கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, பாவாடை சட்டை போட்டு, மையிட்டு, பாட்டியும் அத்தைமாரும் கூட்டமாக ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெண் குழந்தைக்குக் கிருஷ்ணன் கொண்டை போட்டு, மயிலிறகு செருகி, கையில் புல்லாங்குழல் கொடுத்து எடுப்பதும் அதே அளவுக்கு வழக்கம். கண்டித்துக் கடிதம் எழுதிய ஐயாமார்களில் சிலருடைய குழந்தைப் பருவப் படங்களே இந்த வகையில் வீட்டு ஆல்பத்தில் இருக்கக்கூடும். அந்தப் படத்தைப் பார்த்து எந்தக் குடும்பமும் கலங்கியதில்லை. கல்யாணத்துக்கு வந்த உறவினர்களிடம் எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறது. குழந்தைகளின் மனம் குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த அனுமதி ஏன் பள்ளிக்கூடத்து வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மேடையில் அது அப்படி முடியவில்லை. பையன்களே எல்லா வேடமும் போட்ட பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்த்ரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர்களின் படங்கள் அக்கால நோட்டீசுகளை அலங்கரித்தன. ஔவையாராக நடித்துப் பெயர்பெற்ற டி.கே. சண்முகம் அந்தப் பாத்திரத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ராயப்பேட்டையில் லாயிட்ஸ் சாலை என்று இருந்தது ஒரு கிழவியின் வேடம் தரித்த ஆணின் நினைவாக அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. 1935-ல் வெளியான பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள், அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் அந்நாளில் ஊர் வாய் பிளந்த செய்தி. 1941-ல் சாவித்திரி படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார். பக்தியும் வேடமும் துணைக்கு இருந்ததால் இவற்றை ஊர் ஏற்றுக்கொண்டது என்று வாதிடலாம். வாதம் சரிதான்.

அதனால்தான், வேடமோ பக்தியோ துணைக்கு இல்லாத ஒரு படத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1930களில், எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி. பாலசரஸ்வதியும் இளம்பெண்களாக இருந்தபோது, கோடு போட்ட மேல்நாட்டு இரவு உடையில், விரலிடுக்கில் சிகரெட்டுடன், ஒருவரோடு ஒருவர் நெருங்கி அமர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. பின்னாளில் இசைக்கும் நாட்டியத்துக்கும் இலக்கணமாக நாடு வைத்துக் கொண்டாடிய இருவர்; ஒருவர் பட்டுப்புடவைக்கும் மல்லிகைப்பூவுக்கும் வைர மூக்குத்திக்கும் உவமையாகவே ஆனவர். அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் அதைச் சிறுவயதுக் குறும்பு என்று சொல்லிச் சிரித்தார்கள். குறும்பாகவே இருக்கட்டும். ஆனால் படக்காரனின் கண்ணோடு அதைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்த இருவரும் உட்கார்ந்திருக்கும் விதத்தில், அன்றைய தமிழ்ப் பெண்களின் படங்களில் வழக்கமாகக் காணும் ஒடுக்கம் இல்லை. உலகம் தங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு அவர்களே தீர்மானித்தார்கள். தேவதாசி மரபில் பிறந்த பெண்களைச் சட்டமும் சபையும் சேர்ந்து எப்படிப் பார்ப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்த பத்தாண்டுகளில் எடுக்கப்பட்ட படம் அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குறும்பின் கனம் விளங்கும். சிகரெட் அவர்கள் கையில் எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. புடவையும் பூவும் காலமெல்லாம் இருந்தன. இரண்டுமே அவர்கள்தான். இதை இறக்குமதி என்று சொல்ல வேண்டுமானால் கேமராவையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே வெளியிலிருந்து வந்து நம் முகங்களின் மேல் ஏறி உட்கார்ந்த பார்வை ஒன்று உண்டு. அதன் தடத்தைப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். 1885-ல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, படம் பிடித்து, வகை பிரித்தார், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அந்த வேலை வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1869-ல், லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் பட்டு நூலைச் சதுரக் கட்டங்களாகக் கட்டிய சட்டத்துக்கு முன்னால் ஆட்களை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுக்கும் முறையை வகுத்திருந்தார். அப்படிப்பட்ட படங்களில் நிற்பவர்களுக்குப் பெயர் இருக்காது. இன்ன குலத்து ஆண், இன்ன குலத்துப் பெண் என்று மட்டும் இருக்கும். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட மாகாணங்களில் அலிகள் என்று அரசு வகைப்படுத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றியதோடு, அவர்கள் பொது இடத்தில் பெண்ணுடை அணிந்து தோன்றுவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆணுடை இது, பெண்ணுடை இது என்று காவல்துறை பார்த்துச் சொல்லும் ஏற்பாடு நம் பாட்டிகளிடமிருந்து வந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதைப் பேசும்போது அர்த்தநாரீசுவரரை அழைக்காமல் நம்மவர்களால் முடிவதில்லை. அதே எழும்பூர் வளாகத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து அர்த்தநாரி செப்புத் திருமேனி இருக்கிறது. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத வடிவம். இருந்தாலும் அதை இந்த வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே நடுவில் ஒரு கோடு இருக்கிறது. வலம் முழு ஆண், இடம் முழுப் பெண். கோடு எங்கே விழுகிறது என்று யாருக்கும் ஐயம் வருவதில்லை. கண்காட்சியில் பலரைக் கலங்கடித்த முகங்களோ அந்தக் கோட்டைப் போட மறுப்பவை.

தர்ஸ்டன் காலத்துப் பார்வைக்கு நம் பக்கத்திலிருந்தே கேமராவால் பதில் சொன்னவர் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னி என்ற படக்கலைஞரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண் என்று அச்சிலும் ஓவியத்திலும் சினிமாவிலும் வரும் மாதிரிகளைத் தன் உடலிலேயே ஏற்றிப் படமாக்கினார். ரவிவர்மாவின் நிலாப்பெண்ணாகவும் நிற்பார். கட்டம் போட்ட திரைக்கு முன் அளவெடுக்கப்படும் தோடர் பெண்ணாகவும் நிற்பார். எல்லாப் படத்திலும் ஒரே முகம் என்பதை உணர்ந்தவுடன், பெண் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எத்தனை ஒப்பனைக்காரர்களின் உழைப்பு என்பது விளங்கிவிடும். 2019-ல் சென்னைப் புகைப்பட ஈராண்டு விழா இவர் பொறுப்பில்தான் நடந்தது. இந்த ஊர் இப்படிப்பட்ட படங்களைப் புதிதாகப் பார்க்கவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களையும் நான் ஒதுக்கப்போவதில்லை, ஏனென்றால் அவற்றுள் ஒன்று என் போன்ற தெருமுனை ஸ்டுடியோக்காரர்களின் கதை. நார்வேயில் ஹோர்ட்டன் என்ற சிறு கடற்படை ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், மாரி ஹோய்க், போலெட் பெர்க் என்ற இரு பெண்கள் ஸ்டுடியோ நடத்தினார்கள். ஊராருக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்தவை வழக்கமான உருவப்படங்களும் அஞ்சலட்டைக் காட்சிகளுமே. அவர்கள் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1980களில், அவர்களுடைய கண்ணாடி நெகட்டிவுகள் கண்டெடுக்கப்பட்டபோது, தனிப்பட்டது என்று எழுதிய பெட்டியில் வேறு வகைப் படங்கள் இருந்தன. மாரி ஹோய்க் மீசையுடன், ஆண் உடையில், துருவப் பயணியின் உடுப்பில், அதே ஸ்டுடியோவின் அதே பின்திரைக்கு முன் நிற்கிறார். பகலில் ஊருக்காக எந்த விதிகளைக் கடைப்பிடித்தார்களோ, அவற்றையே கதவைச் சாத்திக்கொண்டு கலைத்துப் பார்த்திருக்கிறார்கள். விதிகளை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அது முடியும். நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களின் பரண்களில் என்னென்ன கிடந்து, எத்தனை நெகட்டிவுகள் வெள்ளிக்காகக் கழுவப்பட்டும் குப்பைக்குப் போயும் அழிந்தனவோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் திரட்டி மின்படியாக்கியிருப்பது ஓரளவு ஆறுதல்.

இனி, கண்டித்தவர்களிடமிருந்து கொஞ்சம் விலகி, கண்காட்சியைப் பாராட்டியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நலவாரிய அட்டைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் படம் எடுக்கத் திருநங்கைகள் எங்கள் ஸ்டுடியோவுக்கு வருவதுண்டு. அவர்களுள் பெரும்பாலோர் எந்த இலக்கணத்தையும் உடைக்க வந்தவர்கள் இல்லை. தலை அந்த உயர்ந்த தோளின் பக்கமே சாய வேண்டும், பூ தெரிய வேண்டும், தாடையில் நிழல் விழக்கூடாது, கண்ணாடி வைத்துச் சடையோடு ஒரு படம் வேண்டும் என்று, நான் மேலே சொன்ன பழைய விதிகளை எழுத்துப் பிசகாமல் கேட்பார்கள். பெண் என்று எழுதப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பி ஒருவருக்கு வேண்டியது பக்கவாட்டு விளக்கும், அரும்பிய மீசை தெளிவாகத் தெரியும் கோணமும். இரண்டும் வேண்டாம், வழக்கமான பாஸ்போர்ட் விளக்கே போதும், முடியை மட்டும் கலைக்காதீர்கள் என்று சொல்பவர்களும் வருகிறார்கள். ஒருவர் பிறந்தபோது எழுதிக் கொடுக்கப்பட்ட பாலினத்தை மறுத்துவிட்டு வந்து நிற்பதற்கு எவ்வளவு விலை கொடுத்திருப்பார் என்பதை அறிந்தவர்கள், அவரைப் பார்த்து உங்கள் படத்தில் புரட்சி போதாது என்று சொல்லமாட்டார்கள். ஆண் பெண் என்ற இரட்டைக் கட்டத்தைக் கலைப்பது என்றால் எல்லோரையும் நடுவில் நிறுத்துவது என்று கலைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. விளக்கை எங்கே வைப்பது என்பதை உட்கார்ந்திருப்பவரைக் கேட்டு வைப்பது என்பதே என் கட்சி. தென்னாப்பிரிக்கக் கலைஞர் ஜனேலே முஹோலி 2006 முதல் தம் நாட்டுக் கறுப்பினப் பெண் தன்பாலீர்ப்பாளர்களையும் மாறிய பாலினத்தவரையும் எடுத்துவரும் நூற்றுக்கணக்கான உருவப்படங்களை நான் மதிப்பது இதனால்தான். படத்தில் இருப்பவர்களை அவர் பங்கேற்பாளர்கள் என்கிறார். பெரும்பாலும் அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். படத்தின் தலைப்பு அவரவர் பெயர், ஊர், ஆண்டு. குலப்பட்டியல் படங்களில் எது இல்லையோ அது இங்கே முதலில் வருகிறது.

நடிகர் ஒருவர் ஒரு நாள் பாவாடை கட்டி வார இதழின் அட்டையில் நிற்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாலையில் உடை மாற்றிக்கொண்டு அவர் காரில் வீட்டுக்குப் போய்விடுவார். அதே உடையில் மின்சார ரயிலில் ஏறிப் பெரம்பூரில் இறங்குகிறவருக்கு வரும் பார்வைகள் வேறு.

ஐயா, உங்கள் நாளிதழையும் இதில் சேர்த்துப் பேசாவிட்டால் இந்தக் கடிதம் முறையாகாது. 2022-ல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்ட பிறகு, செய்திகளின் மொழி பெருமளவு திருந்தியிருக்கிறது. படங்கள் திருந்தவில்லை. சித்திரை வந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் திருவிழா. ஏப்ரல் 15 என்றால் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் அமைந்த 2008-ஐயும், மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 2014-ஐயும் நினைவுகூரும் நாள். அந்த ஒரு பருவத்தில்தான் திருநங்கைகளின் படங்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகின்றன. தாலி கட்டிக்கொள்வது, மறுநாள் தாலி அறுத்து ஒப்பாரி வைப்பது, அழகிப் போட்டி மேடை ஆகிய மூன்றைத் தாண்டிப் படக்காரர்களின் கண் போவதில்லை. படத்தின் கீழே பெயர் இருப்பது அபூர்வம். ஆண்டின் மற்ற நாட்களில் வரும் கட்டுரைகளுக்கோ, கண்ணாடி முன் உதட்டுச்சாயம் பூசும் ஒரு கை, பாதி முகம் இருட்டில், கறுப்பு வெள்ளை என்று ஒரே படம்தான் ஊர் ஊராகச் சுற்றிவருகிறது. திருநம்பிகள் என்று ஒரு சாரார் இருப்பதே படங்களைப் பார்த்து வளரும் வாசகருக்குத் தெரிய வழியில்லை.

இதற்கு மாறாக எது மனத்தில் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்று, 2017-ல் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்த பிரித்திகா யாஷினி காக்கிச் சீருடையில் நிற்கும் படத்தை எல்லா நாளிதழ்களும் வெளியிட்டன. 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் அரங்கில் அபிநயம் பிடிக்கும் படமும் அப்படியே. இரண்டிலும் பெயர் இருந்தது; அவர்கள் செய்யும் வேலை தெரிந்தது; எதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தையற்கடையிலும் ஆட்டோ ஓட்டுநர் இருக்கையிலும் கல்லூரி ஆசிரியர் அறையிலும் இருப்பவர்களை அதே மரியாதையோடு எடுக்க உங்கள் படக்காரர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பக்கத்தில் இடம் ஒதுக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

ஒப்புதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். படக்கலைஞர் சுனில் குப்தா 1980களில் தில்லியில் தன்பாலீர்ப்பு ஆண்களை எடுத்த படங்களில் பல முகங்கள் கேமராவைப் பார்ப்பதில்லை. முகத்தைக் காட்டினால் வேலையும் வீடும் போகும் என்ற நிலை அன்று இருந்தது, சட்டமும் எதிராக இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில், சம்மதத்துடனான தன்பாலுறவைக் குற்றமாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கிவிட்டது. வீடுகள் தீர்ப்பைப் படித்துவிட்டு மாறிவிடுவதில்லை. 2009 முதல் சென்னையில் நடந்துவரும் பாலினச் சிறுபான்மையினரின் சுயமரியாதை ஊர்வலத்தில் முகமூடி அணிந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் வந்தவரைப் படம் எடுக்க உரிமை உண்டு என்று படக்காரர் வாதிடலாம். மறுநாள் காலை அந்தப் படம் தேநீர்க் கடையில் அவருடைய தந்தையின் கையில் இருக்கும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். பாராட்டும் நோக்கத்தில் போட்ட படத்தாலும் ஒருவர் வீட்டைவிட்டுத் துரத்தப்படலாம்.

அடையாளப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் முகம் மாறிவிடுகிறது. அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, வரிசையில் இருப்பவர்கள் காதில் விழும்படி கேள்வி கேட்கும் எழுத்தர்களைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனிதர்கள் செய்துவந்த இந்த வேலையை இப்போது இயந்திரங்களும் செய்கின்றன. முகத்தைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்லும் மென்பொருட்களை 2018-ல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தபோது, வெளுத்த நிற ஆண்களைப் பொறுத்தவரை பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களில் அது 34.7 சதவீதம் வரை போனது. இரண்டு கட்டங்களுக்குள் நன்றாகப் பொருந்தும் பெண்களுக்கே இந்தக் கதி என்றால், பொருந்தாதவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் 2020-ல் தன் படமறி சேவையில் ஆண், பெண் என்று குறிப்பதை நிறுத்தி, ஆள் என்று மட்டும் குறிக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2022-ல் முகத்தைக் கொண்டு பாலினத்தை ஊகிக்கும் வசதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று கணினி நிறுவனங்களே ஒப்புக்கொண்ட பிறகும், நாம் கண்காட்சியில் நின்றுகொண்டு இது ஆணா பெண்ணா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வரும் சித்திரையில் கூவாகத்துக்குப் படக்காரரை அனுப்பும்போது, படம் எடுக்கப்படுபவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வெளியிடச் சம்மதமா என்று கேட்கச் சொல்லுங்கள். சம்மதம் இல்லாத படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். திருவிழா முடிந்து ஊர் திரும்பியவர்களை, ஆடி மாதத்திலோ ஐப்பசியிலோ, அவரவர் வேலைசெய்யும் இடத்தில் போய் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஸ்டுடியோக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் நான் பேசுவதாக இருப்பதும் இதையொட்டியே: உதவியாளர் விளக்கை நகர்த்தும் முன் வாடிக்கையாளரைப் பார்த்து, எப்படி எடுக்கட்டும் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். வயதானவர்கள் சிலர் இதற்குச் சிரிப்பார்கள் என்று தெரியும். கோட்டு வேண்டுமா என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய சிரமம் இல்லை.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 600 011.